தேனீயும் தென்திருவிதாங்கூரும்

மனிதன் சுவைத்த இனிப்புகளுள் காலத்தால் முந்தியது தேனே. கரும்பை ஆலையிலிட்டு ஆட்டவும், பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டியாக்கவும் கற்றுக்கொள்வதற்கு நெடுங்காலம் முன்னரே மலைவாழ் மாந்தர் தேனின் சுவையை அறிந்திருந்தனர். நம் முன்னோர் வகுத்த ஐந்திணைகளுள் குறிஞ்சித் திணைக்குரிய தொழில்களுள் ஒன்று தேன் எடுத்தல். பாரி வேளின் பறம்பு மலையை மூவேந்தரும் முற்றுகையிட்டிருந்த காலத்தில், உழவர் உழாமலேயே அம்மலை தரும் விளைவுகள் நான்கு எனக் கபிலர் எடுத்துரைத்தார். மூங்கிலரிசி, பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன் என்பன அந்நான்கு. புறநானூற்றின் 109-ஆம் பாட்டிற் காணப்படும் செய்தி இது. முற்றுகையைத் தாங்கி நிற்கும் உணவுப் பொருள்களின் வரிசையில் தேனும் இடம் பெற்றமை எண்ணத்தக்கது.

ஆயினும், நம் இலக்கண நூலுரைகள் அத்தொழிலைக் குறிக்க வழங்கும் சொல் யாது? ‘தேனழித்தல்’ என்பதே அச்சொல். அழித்தல் என்ற சொல்லில் ஒரு வரலாறு அடங்கியுள்ளது. அக்காலத்தில் தேன் வேண்டுமாயின் கூட்டை அழித்தே ஆகவேண்டும். ‘தேனழித்தல்’ என்னும் நிலை மாறித் ‘தேனீ வளர்த்தல்’ என்னும் நிலை எய்தியது எவ்வாறு, அம்மாற்றத்தில் நாம் வாழும் திருவனந்தபுரத்திற்கும் அதன் தெற்கே கிடக்கும் மார்த்தாண்டம் பகுதிக்கும் உரிய பங்கு யாது, இன்று அத்தொழிலும் அத்தொழிலாளரும் எந்நிலையில் உள்ளனர் என்பவற்றைச் சுருங்க உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தேனீ வகைகளும் பழைய முறையும்

நம் நாட்டில் தேன் தரும் ஈக்கள் பல வகையின. உயர்ந்த மரக்கிளைகளிலும் பாறை இடுக்குகளிலும் ஒரே பேரடை கட்டி வாழ்வது மலைத்தேனீ. அளவிற் பெரியது, சினத்திலும் பெரியது. புதர்களிலும் சிறு கொம்புகளிலும் உள்ளங்கையளவு அடை கட்டுவது கொம்புத்தேனீ. இவ்விரண்டும் திறந்த வெளியில் வாழ்வன, பெட்டியில் அடங்கா. மரப்பொந்து, சுவர்த்துளை, பாறைப்பிளவு முதலிய இருளிடங்களில் பல அடைகளை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக அடுக்கிக் கட்டுவது இந்தியத் தேனீ. இதனை அடுக்குத் தேனீ என்றும் கூறுவர். இவற்றினும் மிகச் சிறியது கொட்டுதற்குக் கொடுக்கற்ற கொசுத்தேனீ. மலையாள மக்கள் இதனைச் சிறுதேனீ என்று அழைத்து, இதன் தேனை மருந்துக்கென்று போற்றுகின்றனர். இவற்றோடு பிற்காலத்தில் மேனாட்டினின்றும் வந்து சேர்ந்தது இத்தாலியத் தேனீ.

இருளிடத்தில் வாழும் இயல்புடைமையால் இந்தியத் தேனீயை மனிதன் தன் வீட்டருகே அழைத்துக் கொள்ள இயன்றது. மண்பானையைக் கவிழ்த்து வைத்தும், குடைந்த மரத்துண்டுகளைத் தொங்க விட்டும், வீட்டுச் சுவரிலேயே மாடம் அமைத்தும் மக்கள் அதற்கு உறைவிடம் தந்தனர். ஆனால் அவ்வுறைவிடங்களில் அடைகள் பானையோடும் மரத்தோடும் ஒட்டிக் கொண்டிருக்கும். தேன் வேண்டுமாயின் புகை போட்டு ஈக்களை ஓட்டி, அடை முழுவதையும் அறுத்தெடுத்துப் பிழிய வேண்டும். அவ்வாறு பிழிகையில் தேனோடு புழுவும் மகரந்தமும் சேர்ந்து நசுங்கும். குஞ்சிழந்து வீடிழந்த ஈக்கள் அவ்விடத்தை விட்டு அகலும், அல்லது மடியும். மேலும், ஒரு பங்கு மெழுகை உண்டாக்குவதற்கு ஈக்கள் அதனினும் பல மடங்கு தேனை உண்ண வேண்டியிருக்கிறது. ஆகவே அடையை அழிப்பது ஈக்களின் உழைப்பை இருமுறை அழிப்பதாகும்.

பெட்டி வந்த வரலாறு

இந்நிலையை மாற்றியது ஒரு சிறு இடைவெளி பற்றிய அறிவு. அமெரிக்க நாட்டில் பிலடெல்பியா நகரில் வாழ்ந்த லாங்ஸ்டிராத் என்னும் பாதிரியார் 1851-ஆம் ஆண்டில் அவ்வறிவைப் பெட்டியமைப்பில் பயன்படுத்தினார். இரு பரப்புகளுக்கிடையே ஏறத்தாழ முக்கால் சென்டிமீட்டர் இடம் விடப்படுமாயின், ஈக்கள் அவ்விடத்தை நடைபாதையாகக் கொண்டு வெற்றிடமாகவே விட்டுவிடும். அதனினும் குறைந்தால் பிசின் கொண்டு அடைத்துவிடும். அதனினும் மிகுந்தால் அங்கே அடை கட்டிவிடும். இவ்வளவை விட்டுச் சட்டங்களைத் தொங்கவிட்டால், ஒவ்வோர் அடையையும் தனித்தனியே வெளியில் எடுத்துப் பார்க்கலாம், மீண்டும் வைக்கலாம். 1857-இல் ஜெர்மானியராகிய மேரிங் என்பார் மெழுகு அடித்தளத் தகட்டைச் செய்தார். 1865-இல் ருஷ்கா என்பார் அடையைச் சுழற்றித் தேனை மட்டும் பிரித்தெடுக்கும் கருவியைக் கண்டார். இம்மூன்றும் சேர்ந்த பின்னர், அடை உடையாமல், புழு சாகாமல், குடும்பம் கலையாமல் தேன் எடுப்பது இயல்வதாயிற்று.

இந்தியாவில் 1880-களில் வங்காளத்திலும் பஞ்சாபிலும் இம்முறையைக் கொணரும் முயற்சிகள் தொடங்கின. ஆயினும் அவை வேரூன்றவில்லை. மேனாட்டுத் தேனீயின் உடலும் குடும்பமும் பெரியவை. நம் தேனீயின் உடலும் குடும்பமும் சிறியவை. பெரியோர் சட்டையைச் சிறுவனுக்கு அணிவித்தாற்போல அப்பெட்டி நம் தேனீக்குப் பொருந்தாதாயிற்று.

இக்குறையைத் தீர்த்தவர் திருச்சிராப்பள்ளியில் இருந்த இயேசு சபைத் துறவியாகிய நியூட்டன் பாதிரியார். இந்தியத் தேனீயின் அளவுக்கு ஏற்பச் சட்டத்தையும் பெட்டியையும் சுருக்கி, 1910-ஆம் ஆண்டை ஒட்டி அவர் ஒரு பெட்டியை வகுத்தார். ‘நியூட்டன் பெட்டி’ என்று அது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அடிப்பலகை, புழு அறை, தேன் அறை, மேல்மூடி என்னும் எளிய உறுப்புகளை உடையது. உள்ளூர்த் தச்சரே செய்துவிடத் தக்கது. 1911 முதல் 1917 வரை அவர் பலருக்குப் பயிற்சி அளித்தார். காவிரிக்கரையில் எழுந்த அவ்வறிவு தெற்கே பரவலாயிற்று. மூலம் திருநாள் மகாராஜா ஆண்ட 1917-ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் புதுமுறைத் தேனீ வளர்ப்புத் தொடங்கியது. மைசூரில் 1925-இலும், சென்னை மாகாணத்தில் 1931-இலும், குடகில் 1934-இலும் அது தொடங்கிற்று எனக் காண்கையில், நம் திருவிதாங்கூர் இத்துறையில் முன்னோடியாக நின்றமை விளங்கும்.

மார்த்தாண்டத்தில் மூண்ட விளக்கு

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் பெருவழியில், குழித்துறை ஆற்றின் அருகே உள்ளது மார்த்தாண்டம். விளவங்கோடு வட்டத்தைச் சேர்ந்த அப்பகுதி மக்கள் நெருங்கி வாழும் நிலம். ஒரு குடும்பத்துக்குச் சில சென்று நிலமே இருக்கும். அதில் தென்னை நாலு, பலா ஒன்று, மரச்சீனி கொஞ்சம் என்று நிற்கும். பனையேறியும் கூலி செய்தும் பிழைத்தவர் பலர். இத்தகைய ஊரில் நிலமற்றவனும் செய்யத்தக்க தொழில் எது என்ற கேள்வி எழுந்தது.

ஒய். எம். சி. ஏ. என வழங்கும் கிறிஸ்தவ வாலிபர் சங்கம் நகர இளைஞர்க்கு உரியதென்றே கருதப்பட்ட காலத்தில், அதனைக் கிராமத்தின் பக்கம் திருப்பியவர் ஒரு தமிழர். சேலத்தில் 1876-இல் பிறந்த கே. டி. பால் அவர்களே அப்பெருமகனார். அச்சங்கத்தின் தேசியப் பொதுச் செயலாளர் பதவியை எய்திய முதல் இந்தியர் அவர். அவர் வகுத்த கிராமப் புனரமைப்புத் திட்டத்தின்கீழ் 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒரு செயல்விளக்க நிலையம் அமைந்தது. அதனை நடத்த வந்தவர் அமெரிக்கராகிய டாக்டர் ஸ்பென்சர் ஹாச். பிறர் கொடுப்பதை ஏற்று வாழ்வதன்று, தன் கையே தனக்குதவி என்னும் நெறியே நிலையத்தின் அடிப்படை. கோழி வளர்ப்பு, நெசவு, தூய முறையில் கருப்பட்டி காய்ச்சுதல் ஆகியவற்றோடு தேனீ வளர்ப்பும் அங்கே கற்பிக்கப்பட்டது. அந்நிலையத்தின் பட்டறிவை ஹாச் 1932-இல் ஆங்கில நூலாக எழுதி வெளியிட்டார். கிராமப்பணி பயில விரும்பியோர் பல பகுதிகளிலிருந்தும் மார்த்தாண்டத்துக்கு வந்தனர்.

தேனீ வளர்ப்பு அப்பகுதியில் வேர்கொண்டமைக்குக் காரணம் எளிது. ஈக்கு வேலியில்லை. சொந்த நிலமில்லாதவனுடைய ஈயும் அடுத்தவன் தென்னம்பாளையில் அமர்ந்து தேனெடுக்கும். அதனால் அத்தென்னை காய்ப்பதில் குறைவதில்லை, கூடுதலே உண்டு. பெட்டி ஒன்று வைக்க இரண்டடி இடம் போதும். காலையில் கூலிக்குச் செல்வோனும் மாலையில் பெட்டியைக் கவனிக்கலாம். பெண்டிரும் செய்யலாம். நியூட்டன் பெட்டியை ஒத்து அங்குச் செய்யப்பட்ட பெட்டி ‘மார்த்தாண்டம் பெட்டி’ என்றே பெயர் பெற்றது.

தொழில் வளர்ந்தவழி விற்பனைத் தொல்லையும் வளர்ந்தது. நாலு போத்தல் தேன் வைத்திருப்பவன் வணிகன் சொன்ன விலைக்கே விற்க வேண்டியவனாவான். நாலாயிரம் போத்தல் ஓரிடத்தில் சேருமாயின் விலை சொல்லும் உரிமை விளைவித்தவனுக்கு வரும். இவ்வுண்மையை உணர்ந்தோர் 1937-இல் மார்த்தாண்டம் தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினர். உறுப்பினரின் தேனைத் திரட்டிப் பக்குவம் செய்து விற்பது அதன் பணி. கூட்டுறவு என்பதற்குத் தேனீயினும் சிறந்த ஆசான் உண்டோ?

1956 நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. அதன் பொருட்டு நிகழ்ந்த போராட்டமும், 1954 ஆகஸ்டு 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நேர்ந்த துப்பாக்கிச் சூடும், அதில் மாண்டோர் தியாகமும் தனி வரலாறு. ஈண்டு விரிக்கிற் பெருகும். நம் பொருளுக்கு வேண்டுவது ஒன்றே: திருவனந்தபுரத்தைத் தலைநகராகக் கொண்ட அரசில் பிறந்த தொழில், ஒரே இரவில் இரண்டு மாநிலங்களுக்கு உரியதாயிற்று. மனிதன் வரைந்த அக்கோட்டைத் தேனீ அறியாது. தேனீ வளர்ப்போரும் அதனைப் பெரிதாகக் கொள்ளவில்லை. அதன் காரணத்தை அடுத்துக் காண்போம்.

இலையில் ஊறும் தேன்

தேன் பூவில் ஊறுவது என்பதே யாவரும் அறிந்த செய்தி. ஆனால் கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் எடுக்கப்படும் தேனிற் பெரும்பகுதி பூவிலிருந்து வருவதன்று. ரப்பர் மரத்தின் இலையிலிருந்து வருவது! ரப்பர் இலையின் காம்பு நுனியில், மூன்று சிற்றிலைகளும் கூடுமிடத்தில் சிறு சுரப்பிகள் உள்ளன. தளிர் விரியும் பருவத்தில் அவற்றில் இனிய நீர் ஊறும். ரப்பர் மரம் மார்கழி, தை மாதங்களில் இலையுதிர்த்து மீண்டும் தளிர்க்கும். அதனால் ஜனவரி முதல் மார்ச்சு வரை தேனீக்களுக்கு விருந்துக் காலம்.

ரப்பர் நம் நாட்டு மரமன்று. தென்னமெரிக்கக் காட்டில் பிறந்தது. பெரியாற்றங்கரையில் தட்டேக்காட்டில் 1902-இல் வணிகமுறை ரப்பர்த் தோட்டம் தொடங்கப்பட்டது. டயருக்கும் செருப்புக்கும் பாலெடுக்க வந்த மரம், ஒருவரும் எதிர்பாராதபடி நம் தேனீக்கு அமுதசுரபியாக அமைந்தது விந்தையே. ரப்பர்த் தோட்டங்கள் பெருகியபோது தேனீ வளர்ப்போர் தம் ஊரில் தளிர்ப்பருவம் முடியுமுன் வடக்கே பெட்டிகளைக் கொண்டுசெல்லக் கற்றனர். மாலையில் ஈக்கள் யாவும் கூடடைந்தபின் வாயிலை அடைத்து, பெட்டிகளை லாரியில் ஏற்றி, இரவோடிரவாகப் பயணம் செய்து, விடியுமுன் கொல்லம், பத்தனம்திட்டா, கோட்டயம் முதலிய இடங்களின் தோட்டங்களில் இறக்குவர். தோட்ட உரிமையாளர் மலையாளி, பெட்டிக்காரர் தமிழர், அல்லது இருவரும் இருமொழியும் பேசுவோர். 1956-க்குப் பின்னரும் தேனீத் தொழிலில் பழைய திருவிதாங்கூர் பிரியாமலே இருக்கிறது எனலாம்.

விருந்துக்குப் பின் பட்டினியும் உண்டு. தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் ஈ வெளியேற இயலாது, வெளியேறினும் பூவில்லை. அப்போது சர்க்கரைப் பாகு ஊட்டிக் குடும்பத்தைக் காக்க வேண்டும். இந்தியத் தேனீக்கு மானம் மிகுதி. பசியாலோ எறும்பாலோ மெழுகு அந்துப்பூச்சியாலோ துன்புறுமாயின் பெட்டியைத் துறந்து பறந்துவிடும். பெட்டிக் கால்களை நீர்க்கிண்ணத்தில் நிறுத்தி எறும்பைத் தடுத்தும், பழைய அடையை நீக்கியும், மூன்று மாத வரவுக்காக ஒன்பது மாதம் காத்திருப்பவனே தேனீ வளர்ப்போன். சர்க்கரைப் பாகு தருவதைக் கண்டு ‘இது சர்க்கரைத் தேன்’ என்று சிலர் குறை கூறுவர். அது தவறு. மழைக்காலத்தில் ஊட்டும் பாகு ஈயின் உயிர் காக்கும் கஞ்சி. தளிர்க்காலத்தில் தேனறையில் சேர்வதே தேன்.

1991-இல் வந்த பேரழிவு

இவ்வாறு செழித்திருந்த தொழிலின் மீது இடி விழுந்தது. 1976-இல் தாய்லாந்தில் கண்டறியப்பட்டமையால் ‘தாய் பைப்புழு நோய்’ எனப் பெயர் பெற்ற ஒரு வைரசு நோய், 1978-இல் மேகாலயத்தில் காணப்பட்டது. 1991, 1992-ஆம் ஆண்டுகளில் அது தென்னாட்டை எய்தியது. நோய்ப்பட்ட புழு கூட்டுப்புழுவாக மாறாமல், நீர் நிரம்பிய பைபோல் ஊதித் தலைதூக்கிய நிலையில் அறையிலேயே மடியும். வளர்ந்த ஈ நேரே சாவதில்லை. ஆனால் அதன் இடத்தை நிரப்பப் புதிய ஈ பிறப்பதில்லை. தொட்டிலில் நிகழும் சாவு இது. சில வாரங்களில் குடும்பம் கரைந்து மறைந்துவிடும்.

கேரளத்திலும் தமிழகத்திலும் கருநாடகத்திலும் பெட்டிகளில் இருந்த இந்தியத் தேனீக் குடும்பங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அழிந்தன. தலைமுறையாகப் பெட்டி வைத்திருந்த வீடுகளில் வெறும் மரப்பெட்டிகள் அடுக்கப்பட்டுக் கிடந்தன. நெல் பொய்த்தால் விதைநெல் கடன் வாங்கலாம்; ஈ அழிந்தால் விதை ஈ எங்கே வாங்குவது? வைரசுக்கு மருந்தில்லை. பலர் தொழிலையே விட்டனர்.

அப்போது இருவழிகள் தோன்றின. ஒன்று, 1960-களில் பஞ்சாப், இமாசலப் பகுதிகளில் நிலைபெற்றிருந்த இத்தாலியத் தேனீயைத் தெற்கே கொணர்வது. அந்நோய் அதனைத் தாக்குவதில்லை. ஒரு பெட்டிக்கு ஆண்டுக்கு 25 கிலோவுக்கு மேலும் தேன் தரும். இந்தியத் தேனீ தருவதோ பொதுவாக 6 முதல் 8 கிலோ. ஆனால் அதற்குத் தீனி மிகுதி, முதலீடு மிகுதி. நம் நீண்ட மழைக்காலத்தில் அதனைக் காப்பதும் அரிது. ‘வரோவா’ என்னும் சிலந்திப்பேன் அதனை வாட்டும். அப்பேனோ ஆதியில் நம் கீழ்நாட்டுத் தேனீயின் மேல் வாழ்ந்தது. நம் தேனீ அதனைத் தன் கால்களால் களைந்தெறிய நெடுநாட் பழகியது.

மற்றொரு வழி பொறுமையின் வழி. நோய் பரவியபோதும் ஆங்காங்கே சில பெட்டிகள் மடியாமல் நின்றன. காட்டிலும் சில குடும்பங்கள் பிழைத்திருந்தன. அவற்றின் உடலில் நோயைத் தாங்கும் ஆற்றல் இருந்தது. மனம் தளராத தேனீ வளர்ப்போர் அப்பிழைத்த குடும்பங்களைத் தேர்ந்து, அவற்றிலிருந்து புதிய ராணிகளை வளர்த்து, ஒன்றை இரண்டாக்கி, இரண்டை நாலாக்கினர். இன்று குமரி மாவட்டத்திலும் திருவனந்தபுரம் மாவட்டத்திலும் காணும் இந்தியத் தேனீப் பெட்டிகளில் பெரும்பாலானவை அவ்வாறு எஞ்சியவற்றின் வழித்தோன்றல்களே. மருந்து மீட்காத தொழிலை மீட்டது அவர்களுடைய கண்ணும் கையும் என்றே கூறவேண்டும். நோய் அறவே நீங்கவில்லை. இன்றும் அவ்வப்போது தலைகாட்டுகிறது. ஆதலின் வலிய குடும்பத்தையே பெருக்குதல் என்னும் விதியை அவர்கள் மறப்பதில்லை.

அறிவுத் துறையாரின் துணையும் பெரிது. 1962-இல் புனாவில் மத்திய தேனீ ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. நம் நகரின் அருகே வெள்ளாயணி வேளாண்மைக் கல்லூரி உளது. 1955-இல் தொடங்கிய அக்கல்லூரியில் அகில இந்தியத் தேனீ ஆராய்ச்சித் திட்டத்தின் நிலையமொன்று இயங்கி வருகிறது. தேனீ வளர்ப்போருக்கு அங்கே பயிற்சி தரப்படுகிறது. மாவேலிக்கரையில் மாநிலத் தோட்டக்கலைக் கழகம் நடத்தும் தேனீ நிலையமும் உண்டு. 2022-இல் கேரள ஆய்வாளர் சிலர் மேற்குத் தொடர்ச்சி மலைப்பகுதியின் கருநிறத் தேனீயைத் தனியினம் என்று கூறி, மலையாளத்தில் வழங்கும் ‘கரிஞொடியன்’ என்ற பெயரையே அதற்கு அறிவியற் பெயராகச் சூட்டினர். அது தனியினமேயோ என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்தில்லை. எனினும், நாட்டார் நாவில் வழங்கிய பெயர் உலக அறிவியலேட்டில் ஏறியமை மகிழத்தக்கது.

2023-ஆம் ஆண்டில் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. காஞ்சிப் பட்டுக்கும் திண்டுக்கல் பூட்டுக்கும் உள்ள அச்சிறப்பு, ஒரு நூற்றாண்டு உழைத்த எளிய மக்களின் பெட்டித் தேனுக்கும் வாய்த்தது.

இன்றைய இடர்கள்

பெருமை வந்தது, வாழ்வு உயர்ந்ததா? அதுவே கேள்வி. இடர்கள் மூன்று.

முதலாவது, மழை. தளிர்ப் பருவத்தில் பருவந்தவறி மழை பெய்தால் இலையில் ஊறிய இனிப்பு நீர் கழுவப்பட்டுவிடும். இளந்தளிரைத் தாக்கும் சாம்பல் நோயாலும் தளிர் உதிரும். மூன்று மாத வரவில் மூன்று வாரம் போனாலே ஆண்டுக் கணக்கு தவறும். மேலும், ரப்பர் ஒன்றையே நம்பி நிற்கும் தொழில், ரப்பர் விலை வீழ்ந்து தோட்டக்காரர் வேறு பயிருக்கு மாறினால் தானும் வீழும்.

இரண்டாவது, நஞ்சு. பூத்த பயிரின்மீது பகலில் பூச்சிமருந்து தெளித்தால், தீங்கு செய்யும் பூச்சியோடு நன்மை செய்யும் ஈயும் மடியும். ஏலக்காய் காய் பிடிப்பதே தேனீயால்தான். பூசணி, பாகல், வெள்ளரி முதலிய கொடிகளுக்கும் ஈயே தூது. ஈயைக் கொன்றபின் விளைச்சல் குறைந்ததென்று வருந்துவதிற் பயனில்லை.

மூன்றாவதும் கொடிதுமாகிய இடர், கலப்படம். 2020 டிசம்பரில் டில்லியிலுள்ள அறிவியல் சுற்றுச்சூழல் மையம், கடைகளில் விற்கப்படும் பெயர்பெற்ற தேன்களைச் சோதித்து, மாதிரிகளுட் பெரும்பான்மை சர்க்கரைப் பாகு கலந்தவை என்று வெளியிட்டது. வழக்கமான சோதனைகளில் அகப்படாதபடி செய்யப்பட்ட பாகு அது. அரிசியிலிருந்தும் பிற தானியங்களிலிருந்தும் மலிவாகச் செய்த பாகு தேனென்று விற்கும்போது, உண்மைத் தேன் அவ்விலைக்கு நிற்க இயலாது. உண்பவன் ஏமாறுகிறான், அவனினும் மிகுதியாகத் தேனீ வளர்ப்போன் நசுங்குகிறான். விலை கட்டாமல் அவன் பெட்டியைக் கைவிடுவானாயின், 1991-இல் நோய் செய்ததைக் கலப்படம் செய்து முடிக்கும். நோய்க்குத் தப்பிய குடும்பத்தை ஆண்டாண்டாகத் தேர்ந்து காத்தவன் அவனே. அவன் போனால் அத்தேர்வும் போகும்.

நாம் செய்யத்தக்கவை

தலைநகரில் வாழும் தமிழராகிய நாம் இதில் யாது செய்யக்கூடும்? பெருஞ்செயல் ஒன்றும் வேண்டுவதில்லை.

முதற்கண், தேனை விளைவித்தவனிடமோ அவனது கூட்டுறவுச் சங்கத்திடமோ வாங்குவோம். 1979-இல் திருவனந்தபுரம்–நாகர்கோவில் இருப்புப்பாதை திறக்கப்பட்டபின் மார்த்தாண்டம் நமக்கு அண்டை வீடே. குழித்துறை நிலையத்தில் இறங்கினால் ஊர் அருகில். ஊருக்குச் சென்று வருவோர் ஒரு போத்தல் வாங்கி வரலாம். பல குடும்பத்தார் சேர்ந்து ஒருங்கே வாங்குவாராயின் வளர்ப்போனுக்கும் நல்ல விலை, நமக்கும் நல்ல தேன்.

இரண்டாவதாக, தேன் பற்றிய தவறான எண்ணங்களை ஒழிப்போம். உறைந்த தேன் கலப்படத் தேன் என்பது பிழை. ரப்பர்த் தேன் விரைவில் உறையும் இயல்புடையது. இளஞ்சூட்டு நீரில் போத்தலை வைத்தால் இளகும். எறும்பு மொய்க்காதது நல்ல தேன், நாய் நக்காதது நல்ல தேன் என்பனவெல்லாம் சோதனையாகா. விற்பவனை அறிந்திருப்பதே வீட்டார்க்கு எட்டும் சோதனை. ஓராண்டு நிறைவெய்தாத மழலைக்குத் தேன் தருவது நன்றன்று என்று மருத்துவர் கூறுவதையும் நினைவிற்கொள்க.

மூன்றாவதாக, இடமுள்ளோர் ஒரு பெட்டி வைக்கலாம். மாடி வீட்டினர்க்குக் கொட்டாத சிறுதேனீ ஏற்றது. மூங்கிற் குழாயிலும் மண்கலத்திலும் சிறு மரப்பெட்டியிலும் அது வாழும். தருவது ஆண்டுக்குச் சில நூறு கிராமே. எனினும் சுற்றியுள்ள செடிகொடிகளுக்கு அது செய்யும் தொண்டு பெரிது. பெட்டி வைக்க இயலாதார் முருங்கையும் துளசியும் நட்டு, பூக்காலத்தில் நஞ்சு தெளியாதிருந்தாலே போதும். கட்டட மூலையில் ஈக்கூட்டம் வந்து தங்கினால் தீ வைக்காமல், எடுத்துச் செல்லத் தெரிந்தவரை அழைப்போம்.

ஐக்கிய நாடுகள் அவை மே 20-ஆம் நாளை உலகத் தேனீ நாளாக அறிவித்து, 2018 முதல் அது கொண்டாடப்பட்டு வருகிறது. சுலோவேனிய நாட்டில் பிறந்து 18-ஆம் நூற்றாண்டில் தேனீ வளர்ப்பை முறைப்படக் கற்பித்த அந்தோன் யான்ஷா என்பாரின் நினைவாக அந்நாள் தேர்ந்தெடுக்கப்பட்டது. நம் சங்கமும் ஆண்டுதோறும் அந்நாளில் மார்த்தாண்டத்துத் தேனீ வளர்ப்போர் ஒருவரையேனும் அழைத்து, அவர் வாய்மொழியைக் கேட்டு, அவர் தேனையும் இங்கேயே விற்க வகை செய்யுமாயின் அது நற்பணியாகும். அறிஞர்க்கும் கலைஞர்க்கும் பொன்னாடை போர்த்தும் நாம், நூறாண்டுத் தொழிலைப் பேரழிவினின்றும் மீட்ட இவ்வெளியோர்க்கும் ஓர் இருக்கை இடுதல் தகும்.

திருச்சிராப்பள்ளியில் அளந்த பெட்டி, சேலத்துத் தமிழர் வகுத்த திட்டம், அமெரிக்கர் நடத்திய நிலையம், தென்னமெரிக்க மரம், மலையாளத் தோட்டம், குமரித் தமிழரின் உழைப்பு — இத்தனையும் ஒரு துளித் தேனில் கலந்துள்ளன. பல பூவிலும் பல இலையிலும் சென்று திரட்டியதை ஒரே அடையில் வைப்பது ஈயின் இயல்பு. பல ஊரினின்றும் வந்து ஓரூரில் கூடி வாழும் நமக்கு அவ்வியல்பு புதிதன்று. தேனழித்த குடி தேனீ வளர்க்கக் கற்றது. கற்றதைக் கைவிடாதிருக்கும் பொறுப்பு, வளர்ப்போருக்கு மட்டுமன்றி உண்பார்க்கும் உண்டு.

வாழ்க தேனீ வளர்ப்போர்! வளர்க அவர்தம் கூட்டுறவு!